சமயப் படங்களும் புண்படும் மனங்களும்: கொழும்பில் தமிழ் ஓவியக் குழுமம் நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில், பொலன்னறுவையிலிருந்து வந்த வெண்கலச் சிலைகளில் காரைக்கால் அம்மையாரும் ஒருவர். எலும்பெடுத்த தேகம், வற்றித் தொங்கும் மார்பு, கையில் தாளம். மேலாடை கிடையாது. சைவர்களுக்கு அவர் அறுபத்துமூவரில் ஒருவர், சிவனே ‘அம்மையே’ என்று அழைத்தவர். அந்தச் சிலையின் போட்டோவை ஒரு பேஸ்புக் குழுமத்தில் போட்டால் ஒருவர் கைகூப்புவார். இன்னொருவர் ‘பிள்ளைகள் பார்க்கிற இடத்தில இது என்ன படம்?’ என்று கேட்பார். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்துவார். மூவருமே தமிழர்களாக, ஒரே கோயிலுக்குப் போகிறவர்களாகக்கூட இருக்கலாம்.

இந்த மூவருக்கும் நடுவில் நிற்க வேண்டிய அட்மின்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓவியம், சிற்பம், கார்ட்டூன், போட்டோ, இப்போது செயற்கை நுண்ணறிவு வரையும் படம் என்று எது வந்தாலும், அது ஒரு சமயத்தைத் தொட்டவுடன் அட்மினின் கை நடுங்கும். நடுங்கும் கை உடனே அழிக்கும். அழித்தால் பிரச்சினை முடியும் என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை, காரணம் சொல்லாமல் அழித்த படம்தான் மறுநாள் ஸ்கிரீன்ஷொட்டாக இன்னும் பத்துக் குழுமங்களில் சுற்றுகிறது. சண்டை பெரும்பாலும் படத்தை விட அதன் சூழலைப் பற்றியது: யார் போட்டார், என்ன தலைப்போடு போட்டார், யார் இருக்கும் இடத்தில் போட்டார். ஆகவே அழிப்பதைக் கடைசியில் வைத்து, கேட்பதையும் விளக்குவதையும் முன்னுக்குக் கொண்டுவரும் முறை ஒன்றைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: யார் யார் உள்ளே இருக்கிறார்கள்?

கொழும்பில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. வெள்ளவத்தைச் சைவர்கள், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள், புரட்டஸ்தாந்துக் குடும்பங்கள், மருதானையிலும் தெமட்டகொடையிலும் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஓவியக் குழுமம் என்றால் சிங்கள நண்பர்களும் இருப்பார்கள். தமிழில் எழுதிய விளக்கம் அவர்களில் பலருக்குப் போய்ச் சேராது, படம் மட்டும் சேரும். இதை மனதில் வையுங்கள், பின்னால் இது பெரிய வேலை செய்யப் போகிறது.

முதலில் மூன்று விடயங்களை முடிவு செய்யுங்கள். குழுமம் எல்லோருக்கும் திறந்ததா, மூடியதா? பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிறார்களா? நோக்கம் படைப்பைப் பகிர்வதா, விவாதிப்பதா, விற்பதா? என் அபிப்பிராயம், சமய ஓவியங்கள் அடிக்கடி வரும் இடமென்றால் மூடிய குழுமமே நல்லது. பதிவுகளை அட்மின் பார்த்து அனுமதிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். வட்ஸ்அப்பை அறிவித்தலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அட்மின்கள் மட்டுமே அனுப்பலாம் என்று பூட்டிவிடுங்கள். வட்ஸ்அப்பில் படம் உடனே எல்லோர் கைப்பேசிக்கும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எடுத்தும் பெரிதாகப் பயனில்லை.

படி 2: சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் இலங்கையில் குழுமம் நடத்துபவர் இதைத் தெரியாமல் இருக்கக்கூடாது.

அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. 14ஆவது உறுப்புரை கருத்துச் சுதந்திரத்தைத் தருகிறது. இன, மத நல்லிணக்கத்துக்காக அந்தக் கருத்துச் சுதந்திரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆவது சொல்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 291ஏ, 291பி பிரிவுகள், மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் காரியங்களைக் குற்றமாக்குகின்றன. ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் என்று எல்லோரும் சொல்லும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன்னும் கனமானது. பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்பைப் பரப்பினால் 10 ஆண்டுகள் வரை சிறை. நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் மத உணர்வைப் புண்படுத்தும் பொய்க் கூற்றுகளைக் குற்றமாகச் சேர்த்திருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் ‘நோக்கம்’, ‘தூண்டுதல்’ என்று இருந்தாலும், நடைமுறையில் நடந்தது வேறு. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில், பேஸ்புக்கில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காகக் கைதாகிச் சுமார் நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். 2021இல்தான் வழக்கிலிருந்து விடுபட்டார். மன்னாரைச் சேர்ந்த தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், கவிதைத் தொகுப்பொன்றின் பேரில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே 2023 மே மாதம், மேடைப் பேச்சு ஒன்றின் வீடியோ பரவியதால் நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய விமான நிலையத்தில் கைதானார், ஜூலையில் மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. மூன்று பேருக்கும் கடைசியில் நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னால் போன மாதங்கள் திரும்பி வராது. அட்மின் சரியாக வேலை செய்தால் ஒரு கலைஞரின் அந்த மாதங்களைக் காப்பாற்றலாம். நான் இதை இவ்வளவு கவனமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

படங்களைப் பற்றியே இன்னும் கூர்மையான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்ததற்காகக் கைதானார். பார்த்தவர்களுக்கு அது தர்மசக்கரமாகத் தெரிந்தது. வரைந்தவரின் மனதில் இருப்பது ஒன்று, பார்ப்பவரின் பயத்தில் தெரிவது இன்னொன்று என்பதை இந்த ஊரில் வேலை செய்யும் எந்த அட்மினும் மறக்கக்கூடாது.

படி 3: விதியை நாலே வரியில் எழுதுங்கள்

‘மத உணர்வுகளைப் புண்படுத்தும் படங்கள் தடை’ என்று எழுதுவது மிக எளிது. அந்த விதி ஒன்றுக்கும் உதவாது. யாருக்காவது எதுவாவது புண்படும், அப்புறம் சத்தம் போடுபவர் கையில் அதிகாரம் போய்விடும். நான் பரிந்துரைக்கும் வாசகம் இப்படி:

‘சமயங்களைப் பற்றிய எந்தப் படைப்பையும் இங்கே பகிரலாம், விமர்சிக்கவும் செய்யலாம். ஒரு சமயத்தைச் சேர்ந்த மனிதர்களை இழிவுபடுத்தும், மிரட்டும், அவர்கள் மீது வன்முறையைத் தூண்டும் படங்களை எடுத்துவிடுவோம். நிர்வாணம், இரத்தம், புனித உருவங்களின் மாற்றுச் சித்திரிப்பு இருந்தால் முதல் படமாக ஓர் எச்சரிக்கைப் பலகையும், படைப்பாளி பெயரும், இரண்டு வரி விளக்கமும் இருக்க வேண்டும். இன்னொருவரின் படத்தை விளக்கம் இல்லாமல் முன்னனுப்பினால் அனுமதிக்க மாட்டோம்.’

இதில் உயிர்நாடி ‘மனிதர்களை’ என்ற இடத்தில் இருக்கிறது. பேஸ்புக்கின் சொந்த விதிகளும் மதத்தைக் கருத்தாக விமர்சிப்பதையும், மதத்தின் பேரால் ஆட்களைத் தாக்குவதையும் வேறுவேறாகப் பார்க்கின்றன. ஒரு மதகுருவின் ஊழலைக் கார்ட்டூனாகப் போடுவது ஒன்று. அந்த மதத்தைப் பின்பற்றும் எல்லோரையும் மிருகமாக வரைவது வேறு.

படி 4: தனியாக முடிவெடுக்காதீர்கள்

குறைந்தது நான்கு பேர் வேண்டும். சைவம், இஸ்லாம், கிறிஸ்தவம் அறிந்தவர்கள் ஒவ்வொருவர். நான்காவதாக, பௌத்த வழக்கங்களைப் புரிந்த, சிங்களம் சரளமாகப் பேசும் ஒருவர். இந்த நான்காவது ஆளைத்தான் தமிழ்க் குழுமங்கள் வைத்துக்கொள்வதில்லை. நாம் பாடசாலையில் நம் சமய பாடத்தை மட்டும் படித்து வளர்ந்தவர்கள். பக்கத்து வகுப்பில் என்ன படிப்பித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

அவர்கள் குருக்களாகவோ மௌலவியாகவோ இருக்கத் தேவையில்லை. இருக்காமல் இருப்பது நல்லது என்றே சொல்வேன். ஒரு ஃபாதரிடம் சந்தேகம் கேட்கலாம். ஆனால் முடிவை அவர் தலையில் வைத்தால் குழுமம் கோயில் பரிபாலன சபை மாதிரி ஆகிவிடும். இன்னொரு நிபந்தனையும் வையுங்கள்: ஒரு படம் எந்தச் சமயத்தைத் தொடுகிறதோ, அந்தச் சமயத்து அட்மின் கருத்துச் சொல்லட்டும், கடைசி முடிவை இன்னொருவர் அறிவிக்கட்டும். ‘உன் ஆட்களே உன்னைக் காட்டிக்கொடுத்தார்கள்’ என்ற பேச்சு அந்த அட்மினின் வீட்டு வாசலுக்கு வராமல் இருக்க இது உதவும்.

படி 5: படத்தை வாசிப்பது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். படம் வந்தவுடன் உங்களை நீங்களே கேட்க வேண்டியது: இது யாரை நோக்கிப் பேசுகிறது? கடவுளிடமா, ஒரு கருத்திடமா, அதிகாரத்தில் இருப்பவரிடமா, பக்கத்து வீட்டு மனிதரிடமா? கடைசியானது என்றால் கவனம். மற்ற மூன்றுக்கும் பொறுமையாக நேரம் கொடுக்கலாம். இதற்குப் பிறகு சமயம் சமயமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் வலிக்கும் இடம் வேறு.

சைவ, இந்துப் படங்களில் நிர்வாணமும் உக்கிரமும் மரபுக்குள்ளேயே இருக்கின்றன. பிட்சாடனர் ஆடையில்லாதவர், காளி மண்டையோட்டு மாலை அணிந்தவள், அர்த்தநாரீசுவரர் பாதி பெண். ஆகவே ‘சாமிக்கு உடுப்பில்லை’ என்ற முறைப்பாட்டை வைத்து மட்டும் எதையும் எடுக்காதீர்கள். இந்திய ஓவியர் எம். எஃப். ஹுசைன் 1970களில் வரைந்த சரஸ்வதி கோட்டோவியம் 1996இல் ஒரு பத்திரிகையில் மறுபடி வெளியானபோதுதான் பிரச்சினை கிளம்பியது. இருபது ஆண்டு சும்மா கிடந்த படம் அது, மாறியது சூழல் மட்டும். அவருக்கெதிரான ஆபாச வழக்குகளைத் தில்லி ஹைகோர்ட் 2008இல் தள்ளுபடி செய்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார், 2011இல் லண்டனில் இறந்தார்.

நம்மவர்களுக்குள்ளேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. மலையகத்து ஓவியர் ஒருவர் தன் தோட்டத்து முனியாண்டியைச் சுருட்டும் சாராயப் போத்தலும் வைத்து வரைகிறார் என்று வையுங்கள். அது அவருடைய குலதெய்வம், அந்தப் படையல் உண்மையான படையல். ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் விலக்கி வளர்ந்த ஒரு சைவக் குடும்பத்துக்கு அதே படம் கேலியாகத் தெரியும். 2022இல் ஓர் ஆவணப்படத்தின் போஸ்டரில் காளி வேடமிட்ட பெண் புகைப்பதைப் பார்த்து எழுந்த எதிர்ப்பையும் சேர்த்து அவர்கள் நினைப்பார்கள். இந்த இடத்தில் முறைப்பாடு செய்பவர் படித்தவராக, பழக்கமானவராக, ‘தம்பி, நான் சொல்றதைக் கேளுங்கோ’ என்று உரிமையோடு பேசுபவராக இருப்பார். வரைந்தவர் குழுமத்தில் புதிய ஆளாக இருப்பார். படத்தை விடுங்கள். வரைந்தவரிடம் அந்த வழிபாட்டைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவருடைய ரசனைக்காக இன்னொருவருடைய தெய்வத்தை அழிக்கும் உரிமை நமக்கு இல்லை.

பௌத்த உருவங்களில் நாம் அதிகம் தடுமாறுவோம். நிர்வாணமோ இரத்தமோ அங்கே முதற்பிரச்சினை ஆகாது. மரியாதைக்குரிய உருவம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே பிரச்சினை. கால் படும் இடத்தில், உடையில், மெத்தையில், சிலைக்கு முதுகு காட்டி எடுத்த செல்ஃபியில் எல்லாம் கோபம் வரும். 2014இல் ஒரு பிரித்தானியப் பெண் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்ததற்காகக் கட்டுநாயக்கவில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்த்து 8 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுத்தது. அவர் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டவர் என்பதுதான் வேதனை. பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939, 40இல் தீட்டிய சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள். புத்தரின் வாழ்க்கையை நவீன ஓவியக் கோடுகளில் ஒரு விகாரையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘பௌத்தர்கள் மாற்றுச் சித்திரிப்பைத் தாங்க மாட்டார்கள்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கடினமானது இன்னொன்று. முல்லைத்தீவுக் குருந்தூர்மலை போன்ற இடங்களில் விகாரை கட்டுவதை எதிர்த்துத் தமிழ் ஓவியர் கார்ட்டூன் போடுவார். அதில் கோபம் இருக்கும், நியாயமும் இருக்கும். தொல்பொருள் திணைக்களத்தையோ அமைச்சரையோ புல்டோசரையோ வரைந்தால் அது அரசியல் விமர்சனம், அதைக் காப்பாற்றுங்கள். புத்தரையே ஆக்கிரமிப்பாளராக வரைந்திருந்தால், தமிழ் விளக்கம் வாசிக்க முடியாத ஒரு பௌத்தருக்குத் தன் ஆசானைத் திட்டுவதாக மட்டுமே அது போய்ச் சேரும். அப்படி வந்தால் ஓவியரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். ‘அண்ணா, நீங்கள் குற்றம் சாட்டுவது யாரை? அவர் இந்தப் படத்தில் இருக்கிறாரா?’ என்று கேளுங்கள். கோடு கூர்மையாகத் திரும்பி வர வாய்ப்பு அதிகம். அவர் மாற்ற மறுத்தால் விளக்கத்தைச் சிங்களத்திலும் சேர்த்து, மூடிய குழுமத்துக்குள் மட்டும் விடலாம். வெளிப் பக்கத்தில் போட வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் முதல் அடி அவர் மேலேயே விழும்.

இஸ்லாத்தில் எல்லை தெளிவாகத் தெரியும்: நபிகளாரை உருவமாக வரைவது. டென்மார்க் பத்திரிகை ஒன்று 2005இல் வெளியிட்ட கார்ட்டூன்களும், 2015 ஜனவரியில் பாரிஸில் ஒரு பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கியதில் 12 பேர் கொல்லப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே நேரம், 14ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளில் முஸ்லிம் ஓவியர்களே பக்தியோடு வரைந்த நபிகளாரின் ஓவியங்கள் இருக்கின்றன. அப்படியான ஓவியம் ஒன்றை 2022இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஆசிரியை முன்னெச்சரிக்கை சொல்லியே வகுப்பில் காட்டியும் வேலையை இழந்தார். நம் குழுமத்துக்கு என் ஆலோசனை: கலை வரலாற்றுப் பதிவென்றால் எழுத்தில் பேசுங்கள், ஓவியத்தைப் பதிவில் ஒட்ட வேண்டாம். உடனிருக்கும் முஸ்லிம் உறுப்பினர்கள் விரும்பாமலே அந்த உருவம் அவர்களுடைய திரையில் வந்து விழும். கேலிக்காக வரைந்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், அது ஆட்களைக் காயப்படுத்தவே அனுப்பப்படுகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அரபு எழுத்தணி ஓவியம் எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும் பழக்கம் வந்தது. அழகான எழுத்தணி ஒன்றைத் ‘தீவிரவாதம்’ என்று முறையிட்டால் அந்த முறைப்பாட்டைத்தான் தள்ளுபடி செய்ய வேண்டும்.

கிறிஸ்தவப் படங்களில் இரத்தம் வழிபாட்டின் பகுதி. சிலுவையும் திரு இருதயமும் கத்தோலிக்க வீட்டுச் சுவரில் தினமும் தொங்குபவை. ஆனால் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொழும்பில் அவற்றுக்கு இன்னொரு பாரம் ஏறியிருக்கிறது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் இரத்தத் துளிகள் தெறித்த கிறிஸ்து சிலையை அப்படியே கண்ணாடிக்குள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சிலையை ஒருவர் வரைந்து போட்டால் அது அஞ்சலி. ஆனால் கொச்சிக்கடையிலோ கட்டுவாப்பிட்டியிலோ ஆளை இழந்தவர் உங்கள் குழுமத்தில் இருக்கலாம். எச்சரிக்கைப் பலகை இல்லாமல் அதை அனுமதிக்கக்கூடாது. தாக்குதல் காட்சிகளை உண்மைப் போட்டோவிலிருந்து எடுத்து வரைந்திருந்தால், இறந்தவர்களின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

படி 6: இயந்திர வடிகட்டியை நம்பி விடாதீர்கள்

தளங்களின் தானியங்கி வடிகட்டிகளுக்கு வழிபாடு தெரியாது. காவடியில் அலகு குத்திய முகம் அவற்றுக்கு வன்முறை. வாசலில் போட்ட சுவஸ்திகாக் கோலம் நாஸிச் சின்னம். வில்லன்டோர்ஃப் வீனஸ் என்ற பழைய கற்கால உருவத்தின் படத்தையே பேஸ்புக் ஒருமுறை நீக்கிப் பின்னர் தவறென்று ஒப்புக்கொண்டது. மனிதர்களும் அப்படித்தான் நடந்திருக்கிறார்கள்: இலங்கையின் கிழக்கில் கிடைத்த தாரா தேவியின் பொன்முலாம் பூசிய சிலையைப் பிரித்தானிய அருங்காட்சியகம், உடல் வனப்பு அதிகம் என்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் பொதுப் பார்வைக்கு வைக்கவில்லை.

இப்படியான படம் நீக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யுங்கள். சிலை எங்கே இருக்கிறது, எந்த நூற்றாண்டு, எந்த விழா என்று விளக்கத்தில் முதல் வரியிலேயே எழுதினால் மனிதர் ஒருவர் பார்க்கும்போது உதவும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்குத் தனியாக ஒரு வரி விதி போதும்: அப்படி உருவாக்கியது என்று சொல்ல வேண்டும், உயிரோடிருக்கும் மனிதரின் முகத்தைச் சாமியிலோ, சாமியின் முகத்தை அரசியல்வாதியிலோ ஒட்டக்கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடிப் பார்த்த பிறகே அனுமதியுங்கள்.

படி 7: முடிவும் அதைச் சொல்லும் விதமும்

உங்கள் கையில் ஐந்து வழிகள் உண்டு. அப்படியே விடலாம். எச்சரிக்கைப் பலகை சேர்க்கச் சொல்லலாம். விளக்கம் எழுதித் திரும்பப் போடச் சொல்லலாம். கொமென்ட்டை மட்டும் மூடலாம். கடைசியாக, எடுக்கலாம். டெலிகிராமில் படத்தை மங்கலாக்கி அனுப்பலாம், தட்டினால்தான் தெரியும். பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் முதல் படமாக ஒரு வெற்றுப் பலகை வைத்து, ‘அடுத்த படத்தில் ஆடையற்ற உருவம் உள்ளது’ என்று எழுதினால் போதும்.

எடுக்க நேர்ந்தால் போட்டவருக்குத் தனியாக எழுதுங்கள். இப்படி எழுதலாம்: ‘அக்கா, உங்கள் படத்தைத் தற்காலிகமாக எடுத்திருக்கிறோம். விதியின் இரண்டாவது வரிதான் காரணம்: படத்தில் ஒரு சமூகத்து ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் குற்றவாளிகளாக வருகிறார்கள். உங்கள் விமர்சனம் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றியது என்றால் அதைத் தெளிவாக்கி அனுப்புங்கள், மறுபடி பார்ப்போம்.’ என்ன காரணம், எந்த வரி, என்ன செய்தால் திரும்பும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ‘பலர் முறைப்பாடு செய்தார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எண்ணிக்கையைக் காரணமாகச் சொன்னால், அடுத்த முறை ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார்கள்.

முறைப்பாடு செய்தவருக்கும் பதில் போக வேண்டும். படத்தை விட்டுவைக்க முடிவு செய்தாலும், ‘உங்களுக்கு வலித்தது எங்களுக்குப் புரிகிறது, இந்தக் காரணத்தால் விட்டிருக்கிறோம், இந்தப் பதிவை உங்கள் பக்கத்தில் மறைத்துவைக்க வழி இது’ என்று சொல்லுங்கள். பதில் கிடைக்காத கோபம்தான் வெளியே போகிறது.

போட்டவர் முடிவை ஏற்காவிட்டால், முதல் முடிவில் இல்லாத இரண்டு அட்மின்கள் மறுபடி பார்க்கட்டும். ஒவ்வொரு முடிவையும் ஒரு தாளில் திகதி, காரணத்தோடு எழுதி வையுங்கள். காளி படத்துக்கு ஒரு நீதி, கன்னி மரியாள் படத்துக்கு இன்னொரு நீதி என்று யாராவது கேட்டால் அந்தத் தாள் பதில் சொல்லும். சில சமயம் கேட்பவர் சொல்வதே சரி என்றும் அது காட்டும்.

படி 8: கொமென்ட்

படம் நல்லதாக இருந்தும் கீழே நடக்கும் பேச்சு நஞ்சாக மாறலாம். அப்போது படத்தை எடுத்தால் தவறு செய்யாத ஓவியருக்குத் தண்டனை. கொமென்ட்டை மூடுங்கள், வசை எழுதியவரை நீக்குங்கள், படம் இருக்கட்டும். ஓவியரின் பெயர், ஊர், வேலை செய்யும் இடம், அவர் எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசலுக்குப் போகிறார் என்பவற்றை யாராவது எழுதினால், ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள்.

படி 9: படம் வெளியே போய்விட்டால்

2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியைச் சுற்றியும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது பேஸ்புக் பதிவுகள் அதற்கு எண்ணெய் ஊற்றின. அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. 2020இல் பேஸ்புக் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. ஆகவே ஸ்கிரீன்ஷொட் வெளியே சுற்றுகிறது என்று தெரிந்தால் அதைச் சின்ன விடயமாக எடுக்கக்கூடாது.

முதலில் ஓவியருக்குப் போன் பண்ணுங்கள், செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அடுத்து, மூலப் பதிவை விளக்கத்தோடும் நேரத்தோடும் முழுமையாகப் படமெடுத்து வையுங்கள். பிறகுதான் பதிவை மறைப்பதைப் பற்றி யோசியுங்கள். அவசரத்தில் அழித்தால், வெளியே சுற்றும் வெட்டி ஒட்டிய வடிவம் மட்டுமே மிஞ்சும், உண்மையில் என்ன எழுதியிருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. குழுமத்தில் புதிய பதிவுகளைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். சிங்களம் தெரிந்த அட்மின், படம் எதைப் பற்றியது என்று இரண்டு மொழியிலும் அமைதியான சிறு குறிப்பு எழுதட்டும். யாரோடும் வாதாட வேண்டாம்.

மிரட்டல் வந்தால் அனுப்பியவரின் பக்க முகவரியோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் சொல்லலாம். பொலிஸ் ஓவியரையே விசாரணைக்குக் கூப்பிட்டால் சட்டத்தரணி இல்லாமல் அனுப்பாதீர்கள். காசு இல்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், மொழிபெயர்ப்பு கேட்காமல் அவர் கையெழுத்திடக்கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 10: நாட்காட்டி

ஒரே படம் எல்லா மாதமும் ஒரே படம் இல்லை. வெசாக் வாரம், நோன்பு மாதம், பெரிய வெள்ளி, ஏப்ரல் 21, ஆடிவேல், நவராத்திரி ஆகிய நாட்களைக் குறித்துவைத்து, அந்த வாரங்களில் அட்மின்களில் ஒருவராவது இரவிலும் விழித்திருக்கும்படி முறை போடுங்கள். நவம்பர் கடைசியைத் தனியாகக் கவனியுங்கள். சில ஆண்டுகளில் கார்த்திகை விளக்கீடும் மாவீரர் நாளும் அடுத்தடுத்து வரும் காலம் அது. 2020இல் வடக்கில் வீட்டு வாசலில் விளக்கேற்றியதையே படையினரும் பொலிஸாரும் தடுத்த சம்பவங்கள் நடந்தன. விளக்குப் படம் போடுபவர்களிடம் என்ன விழா, எந்த வீட்டு வாசல் என்று ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொல்லி, அந்த வரி வந்த பிறகு பதிவை அனுமதியுங்கள்.